நூற்றுப் பதினெட்டு நாள் வந்தவள்

விபா குமாரி செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். கல்லூரியில் சேர்ந்த பிறகு அவள் கல்லூரிக்குப் போனாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் ஊறிய பழக்கம். அங்கே பத்து நிமிடம் பிந்தினால் காதைத் திருகுவார்கள். ஒரு நாள் வராவிட்டால் அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார்கள். இரண்டு நாள் வராவிட்டால் வாத்தியாரே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து வாசலில் நிற்பார். ஆய்வகம் என்று எழுதியிருந்த அறையில் மதிய உணவு அரிசி மூட்டைதான் கிடந்தது என்றாலும், இலையின் குறுக்குவெட்டை நாலு வண்ணச் சாக்கட்டியால் பலகையில் வரைந்து காட்ட ஓர் ஆள் இருந்தார். கடைசி நாளன்று அவர் சொன்னார்: "காலேஜ்ல யாரும் குச்சி எடுத்துக்கிட்டு நிக்க மாட்டாங்க. நீங்களா போகணும், நீங்களா படிக்கணும். அதான் வித்தியாசம்." மற்ற பிள்ளைகள் முதல் வாக்கியத்தோடு காதை மூடிக்கொண்டார்கள். விபா மிச்சத்தையும் கேட்டுவிட்டாள்.

ஜானகி பாபு நினைவுக் கல்லூரி எங்கள் ஜில்லாவிலேயே பெரியது. பீகாரில் எங்கே போய் அதன் பெயரைச் சொன்னாலும், "ஓ, பரீட்சை சென்டர்தானே?" என்பார்கள். போலீஸ் தேர்வு, பாலிடெக்னிக் தேர்வு, கிராம சேவகர் தேர்வு, தள்ளிப்போன தேர்வு, தாள் வெளியானதால் மறுபடி நடக்கும் தேர்வு என்று வருடம் முழுக்கத் திருவிழாதான். பெஞ்சுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய நம்பர் சீட்டுகள் சேர்ந்து சேர்ந்து மெத்தையாகவே ஆகிவிட்டன. உட்கார சுகமாக இருக்கும்.

அப்படியொரு பெஞ்சில், ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில், பதினாலாம் நம்பர் அறையில் விபா போய் உட்கார்ந்தாள். அப்பா ராம்பிரீத் பாஸ்வான் தன் பேட்டரி ரிக்‌ஷாவில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். அறிவிப்புப் பலகையில் இருந்த கால அட்டவணையை அவள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பத்து இருபதுக்குத் தாவரவியல். பத்து இருபதும் ஆனது, பதினொன்றும் ஆனது. பன்னிரண்டு மணிக்குப் பியூன் பாசுதேவ் எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா நீ? என்ன வேணும்?"

"பாட்டனி ஆனர்ஸ், முதல் வருஷம்."

"அது சரி. விண்ணப்பப் பாரமா, ஹால் டிக்கெட்டா, மார்க் ஷீட்டா?"

"கிளாஸ்."

பாசுதேவுக்கு முப்பது வருட சர்வீஸ். கேட்கிற எதற்கும் அவரிடம் பதில் உண்டு. இப்போது தலையைச் சொறிந்தார். "அது எந்த ஜன்னல்ல தர்றாங்கன்னு எனக்குத் தெரியலியே. வா, படா பாபுவைக் கேப்போம்."

படா பாபு என்பது தலைமை எழுத்தர் சிவ்நந்தன் லால். பிரின்சிபால்கள் வருவார்கள், போவார்கள். படா பாபு இருப்பார். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி விபாவை மேலும் கீழும் பார்த்தார்.

"வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்க? அட்மிஷன் ஆயிடுச்சு இல்ல? பரீட்சைக்குப் பாரம் வரும்போது ஊருக்கே தெரியும். அப்ப வா. இதெல்லாம் ஸ்கூல் பழக்கம். இது காலேஜ்மா, இங்க சுதந்திரம்."

அவள் நகராமல் நின்றதால், புல்வெளிக்குப் போகச் சொன்னார்.

புல்வெளியில் பதினொரு நாற்காலிகள், பதினொரு அறிவியல் பேராசிரியர்கள். குளிர்காலத்தில் வெயிலைத் தேடியும் மற்ற காலத்தில் நிழலைத் தேடியும் அந்த நாற்காலிகள் மணிக்கு ஒரு தரம் நகரும். கல்லூரியில் ஒழுங்காக நடந்துவந்த ஒரே காரியம் அதுதான். தாவரவியல் பேராசிரியர் கமலேஷ்வர் வேர்க்கடலைத் தோலைப் புல்மேல் ஊதிவிட்டு, அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"ரொம்ப சந்தோஷம்மா. ஆர்வம் இருக்க வேண்டியதுதான். ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு பாரு. மாணவர்கள் வர்றதே இல்ல, அதனால வகுப்பு நடத்த முடியலன்னு வருஷா வருஷம் பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை போகுது. அதுல என் கையெழுத்தும் இருக்கு. இப்ப நீ வந்து உக்காந்துட்டா, நான் பொய் சொன்னேன்னு ஆகாதா? குருவோட வாக்கைக் காப்பாத்துறது சிஷ்யையோட கடமை இல்லையா?"

"நான்தான் வந்துட்டேனே சார்."

"ஒரு ஆளுக்கு எடுத்தா அது வகுப்பு இல்லம்மா, அரட்டை. அரட்டைக்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் தரல." மற்ற பத்துப் பேரும் இந்த நேர்மையை மெச்சித் தலையாட்டினார்கள்.

மறுநாளும் அவள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். கூடப் படிக்கிற, அதாவது கூடப் பெயர் எழுதியிருக்கிற நுஜ்ஹத் கோச்சிங் சென்டரிலிருந்து திரும்பும்போது ஒருநாள் வாசலில் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். "அடி பைத்தியமே, காலேஜ் பேர் எழுதிக்கிறதுக்கு. படிக்கிறது வேற எடம். இதுகூடத் தெரியாம எப்படிடி பாஸ் பண்ண?"

கோச்சிங்குக்கு விபாவின் வீட்டில் வழியில்லை. அவளிடம் இருந்தது ஒரு பழைய பாடப்புத்தகமும் பதினாலாம் நம்பர் அறையும்தான். அங்கே உட்கார்ந்து தானே படித்தாள், தானே கேள்வி கேட்டாள், தானே பதில் சொன்னாள். சாயங்காலம் அப்பா, "இன்னிக்கு என்ன பாடம் நடத்துனாங்க?" என்று கேட்பார். பாசி, பூஞ்சை, பெரணி என்று தான் படித்ததைச் சொல்வாள். ராம்பிரீத் பின்னால் உட்கார்ந்திருக்கும் சவாரியிடம் திரும்பி, "இதெல்லாம் பெரிய பெரிய புரொபசருங்க சொல்லித் தர்றது" என்பார். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டு வருவாள். ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை. பி.எஸ்ஸி. முடித்தால் தான் படித்த பள்ளிக்கூடத்துக்கே அறிவியல் ஆசிரியையாகப் போகலாம் என்பது அவள் கணக்கு. அந்த வாத்தியார் ஓய்வுபெற்றுப் போனபின் அந்த இடம் காலியாகவே கிடந்தது.

பள்ளியில் அவள் வகுப்புத் தலைவி. வருகை குறிக்காமல் ஒரு நாளை முடிக்க அவளுக்குத் தெரியாது. ஆகவே ஒரு நோட்டுப் போட்டு, தேதி, மணி, 'விபா குமாரி: வந்தாள்', 'ஆசிரியர்: வரவில்லை' என்று தினமும் எழுதி, பாசுதேவிடம் கையெழுத்தும் வாங்கினாள். பாசுதேவுக்கு யாரும் கையெழுத்துக் கேட்டதே கிடையாது. மனுஷன் மகிழ்ந்துபோய்த் தேதியோடு போட்டுக் கொடுத்தார்.

மார்ச் பிறந்ததும் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கல்லூரிகளில் ஒழுக்கம் குலைந்துவிட்டதாம். எழுபத்தைந்து சதவீதம் வருகை இல்லாதவர்கள் பரீட்சைக்குப் பாரம் நிரப்பக் கூடாதாம். கடைசி நாள் இருபத்தெட்டு. விபாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மற்றவர்கள் கதி என்னாகும் என்று அவர்களுக்காக வருத்தம்கூடப் பட்டாள்.

ஐந்தாம் தேதி பட்டியல் ஒட்டினார்கள். தாவரவியலில் அறுபத்தைந்து பேர். அறுபத்து நாலு பேருக்கு அனுமதி. விபா குமாரிக்கு இல்லை.

"இதுல புரியாம போறதுக்கு என்ன இருக்கு?" என்றார் படா பாபு. "வகுப்பு நடந்தா பதிவேடு திறப்போம். வகுப்பு நடக்கல, பதிவேடு திறக்கல. அறுபத்தஞ்சு பேருக்கும் பூஜ்யம். அதுல அறுபத்து நாலு பேர் எட்டு மாசமா மஞ்சக்காமாலைன்னு மெடிக்கல் சர்டிபிகேட் குடுத்து விலக்கு வாங்கிட்டாங்க. மீதி யாரு? நீ."

"நான்தான் தினமும் வந்தேனே சார்! நூத்திப் பதினெட்டு நாள்!"

"வராதவங்களுக்கு ரூல் இருக்கும்மா. வந்தவங்களுக்கு ரூல் இல்ல. நான் என்ன பண்ணட்டும்? வாசல்ல ஜெராக்ஸ் கடையில அச்சடிச்ச சர்டிபிகேட் கிடைக்குது. பக்கத்துலயே டாக்டர் குப்தா. பேரை நிரப்பி நீட்டுனா தலையைத் தூக்காம போட்டுக் குடுப்பாரு."

"எனக்கு ஒண்ணும் இல்லையே சார்."

"அதான் உன் பிரச்சனையே!" என்று படா பாபு உண்மையான இரக்கத்தோடு சொன்னார்.

விபா நோட்டை எடுத்து அவர் மேசைமேல் வைத்தாள். அதை அவர் இரண்டு பக்கம் புரட்டினார், முகம் மாறியது, நோட்டோடு எழுந்து பிரின்சிபால் அறைக்கு ஓடினார்.

மறுநாள் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடியது. எட்டு மாதத்தில் கல்லூரியில் குறித்த நேரத்தில் தொடங்கிய முதல் நிகழ்ச்சி அதுதான். டீயும் வெங்காயப் பக்கோடாவும் வந்தன. ராம்பிரீத்தையும் வரச் சொல்லியிருந்தார்கள். துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். பிரின்சிபால் டாக்டர் உமாகாந்த் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தக் கல்லூரிக்கு அறுபத்திரண்டு வருஷப் பாரம்பரியம். இங்க படிச்சவங்க மந்திரி ஆயிருக்காங்க, கலெக்டர் ஆயிருக்காங்க. அவங்கள்ல ஒருத்தர்கூட, நல்லா கேட்டுக்குங்க, ஒருத்தர்கூட வகுப்புக்கு வந்து எங்களை அவமானப்படுத்துனதில்ல. இந்தப் பொண்ணு நூத்திப் பதினெட்டு நாள் அரசாங்க அறையில அனுமதி இல்லாம உக்காந்திருக்கு. அதோட நிக்கல. பேராசிரியர்களுக்கே வருகை குறிச்சிருக்கு. மாணவர்தானே வருகைக்குக் கட்டுப்பட்டவர்? நாங்க அறிவாளிங்க. அறிவை எத்தனை மணிக்கு வந்தீங்கன்னு கேக்க முடியுமா?"

ராம்பிரீத் மெதுவாகக் கேட்டார்: "அப்ப பாசி, பெரணி எல்லாம் யாரும் சொல்லித் தரலியா ஐயா?"

கமலேஷ்வர் பக்கோடாவில் வெங்காயத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

பிரின்சிபால் பெருந்தன்மையாக ஒரு காகிதத்தை நீட்டினார். "பழசை மறந்துடுவோம். என் மகள் எட்டு மாசமும் காமாலையில வீட்ல படுத்திருந்தா, ஒரு நாள்கூடக் கல்லூரிப் பக்கம் வரலன்னு அப்பா ஒரு கையெழுத்துப் போடட்டும். இன்னிக்கே பாரம் நிரப்பிக்கலாம்."

தினமும் காலையில் அவளை வாசலில் கொண்டுவந்து இறக்கிய மனுஷனிடம் அந்தக் காகிதத்தை நீட்டினார்கள். ராம்பிரீத் பேனாவை வாங்கிவிட்டார். ஒரு வருடம் போனால் என்னாகும் என்று அவருக்குத் தெரியும். ஏற்கெனவே பரீட்சைகளை இரண்டு வருடம் பிந்தி நடத்துகிற பல்கலைக்கழகம் அது. "போட்டுடட்டுமாம்மா?" என்று மகளைப் பார்த்தார். விபாவுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

"போடாதீங்கப்பா. பொய் சொன்னது நான் ஒருத்தி போதும், உங்ககிட்ட. இவங்களுக்காக நீங்களும் சொல்லணுமா?" என்றாள். பிறகு குழுவின் பக்கம் திரும்பி, "நோட்டை நீங்களே வச்சுக்குங்க. உங்ககிட்ட குடுக்கிறதுக்கு முன்னாடியே எடுத்த நகல் பல்கலைக்கழகத்துக்கு ரிஜிஸ்தர் தபால்ல காலையிலேயே போயிடுச்சு" என்றாள். டீக்கோப்பைகள் அப்படியே நின்றன.

மார்க் ஷீட்டில் ஓர் எழுத்தைத் திருத்த நாலு வருடம் எடுத்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் ஆறே நாளில் பதில் போட்டது. பதினொரு பேராசிரியர்களும் எட்டு மாதம் எங்கே போனார்கள் என்று மூன்று நாளுக்குள் விளக்க வேண்டும்.

புல்வெளி ஒரு மணி நேரம் காலியாகக் கிடந்தது. பதினொரு பேரும் ஜெராக்ஸ் கடையில் வரிசையில் நின்றார்கள். டாக்டர் குப்தா தலையைத் தூக்காமல் பதினொரு தரம் முத்திரை குத்தினார். எட்டு மாதமாக மஞ்சள் காமாலை.

அறுபத்து நாலும் பதினொன்றும் எழுபத்தைந்து. ஒரே கல்லூரியில் எழுபத்தைந்து காமாலை என்றதும் மேலிடம் ஆடிப்போனது. மருத்துவக் குழு ஜீப்பில் வந்து இறங்கியது. தண்ணீரைச் சோதித்தார்கள், சுத்தம். சாக்கடையைச் சோதித்தார்கள், அதில் தண்ணீரே இல்லை. நோயாளிகளைச் சோதிக்கவில்லை, சர்டிபிகேட் இருக்கும்போது அது அவர்களை அவமதிப்பதாகும். கடைசியில் குழுத் தலைவர் அறிக்கை எழுதினார்: 'வளாகத்தில் நூற்றுப் பதினெட்டு நாள் தொடர்ந்து இருந்தும் நோய் தாக்காத ஒரே நபர் விபா குமாரி. நோயைச் சுமந்து பரப்புபவர் இவரே எனக் கருதப்படுகிறது. எவரும் இவருக்குப் பத்தடிக்குள் செல்லலாகாது. இவர் தொட்ட பொருளை எவரும் தொடலாகாது. நோயற்றவர் என்று சான்று அளித்தால் மட்டுமே இவரது பாரம் ஏற்கப்படும்.'

அறிவிப்பைப் பெரிய எழுத்தில் வாசலில் ஒட்டினார்கள். தொட்டால் தீட்டு என்ற பேச்சை ராம்பிரீத்தின் அப்பா வேறு காரணத்துக்காக இதே ஊரில் ஆயுசு முழுக்கக் கேட்டிருக்கிறார். மகளின் பெயரோடு அதை அச்சில் பார்த்த ராம்பிரீத் அன்று ரிக்‌ஷா ஓட்டவில்லை.

விபா டாக்டர் குப்தாவிடம் போனாள். அவர் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். "நோய் இருக்குன்னா இப்பவே எழுதித் தர்றேன். இல்லன்னு எழுதணும்னா ரத்தம் எடுக்கணும், பாட்னாவுக்கு அனுப்பணும். இருபது நாள் ஆகும். பொய்ச் சர்டிபிகேட் குடுக்கிற ஆள் நான் இல்லம்மா."

அன்று தேதி இருபத்தேழு.

இருபத்தெட்டாம் தேதி காலை அப்பாவின் ரிக்‌ஷாவில் ஏறி அவள் கல்லூரிக்கு வந்தாள். கையில் நிரப்பிய பாரம். பாசுதேவ் அவளைப் பார்த்ததும் கேட்டைத் திறந்துவிட்டு, அறிவிப்பில் சொன்ன பத்தடியையும் சரியாக விலகி நின்றார். "அலுவலகத்துல யாரும் இல்லம்மா. எல்லாரும் அங்கதான்" என்று கையைக் காட்டினார்.

புல்வெளியில் மாமர நிழலில் காமாலைக்காரர்கள் பதினொரு பேரும் உட்கார்ந்து, கடாயிலிருந்து சுடச்சுட வந்த பூரி தின்றுகொண்டிருந்தார்கள். பிரின்சிபாலும் படா பாபுவும் ஓரமாக நின்று தட்டை ஏந்தியிருந்தார்கள். விபா புல்லில் கால் வைத்ததும் படா பாபு கத்தினார்.

"அங்கயே நில்லு! நோட்டீஸ் பாக்கல?"

"பாத்தேன் சார். பாரம் குடுக்க வந்தேன்."

"சர்டிபிகேட் எங்க?"

"உங்க சர்டிபிகேட் எல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். எனக்கு நோய் இல்லன்னும் தெரியும். வாங்கிக்குங்க." அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள்.

அப்போதுதான் அது நடந்தது. இரண்டு நாற்காலி பின்னால் நகர்ந்தது. அவள் இன்னொரு அடி வைத்தாள். வேதியியல் பேராசிரியர் எழுந்துவிட்டார். விபா திகைத்துப்போனாள். பொய்யை இவர்களே எழுதினார்கள், இவர்களே காசு கொடுத்து முத்திரை குத்தினார்கள். அந்தப் பொய் மேலே போய் அரசாங்க முத்திரையோடு திரும்பி வந்ததும் இவர்களே நம்பிவிட்டார்கள். காகிதத்தில் வந்துவிட்டால் தங்கள் உடம்பைக்கூட இவர்கள் நம்புவதில்லை! எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவளுக்குள் பொங்கியது. விறுவிறுவென்று நடந்தாள். பதினொரு பேரும் நாற்காலிகளை விட்டு ஓடினார்கள்.

"தொடாத! எதையும் தொடாத!" பிரின்சிபால் மாமரத்துக்குப் பின்னால் போய்விட்டார். "படா பாபு, அந்தப் பாரத்தை வாங்கித் தொலைங்க!"

"கையில வாங்க மாட்டேன் சார், எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு. அம்மா, கீழ வை. கல்லு ஒண்ணு வை மேல. தள்ளிப் போ!" படா பாபு கைக்குட்டையால் பாரத்தின் நுனியைப் பிடித்து, முட்டி போட்டு, சட்டைப் பையிலிருந்த முத்திரையை எடுத்துப் புல்மேலேயே குத்தினார். ஒப்புகைச் சீட்டைக் கிழித்து அவள் பக்கம் விசிறினார். விபா குனிந்து எடுத்துப் பார்த்தாள். தேதி சரி. நம்பர் சரி. பரீட்சை எழுதலாம்.

கமலேஷ்வர் தூரத்திலிருந்து கைகூப்பினார். "அதான் வாங்கிட்டாங்கள்ல, போயிடும்மா. செய்முறைக்கு எவ்வளவு மார்க் வேணும், சொல்லு. முழுசாப் போட்டுடறேன். பக்கத்துல மட்டும் வராத."

"மார்க் வேணாம் சார். ஒரு கிளாஸ் எடுங்க."

கமலேஷ்வர் மற்றவர்களைப் பார்த்தார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். மரத்துக்குப் பின்னாலிருந்து பிரின்சிபாலின் குரல் வந்தது. "குடுக்க வேண்டியதெல்லாம் குடுத்தாச்சு. பேராசைப்படாதம்மா."

விபா ஒப்புகைச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். துப்பட்டாவை இழுத்துக் கட்டினாள். பிறகு முதல் நாற்காலியிடம் போய் அதன் முதுகிலும் இருக்கையிலும் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். அடுத்ததுக்குப் போனாள். அதையும் தொட்டாள். யாரும் தடுக்கவில்லை, யாரும் கிட்டே வரவும் இல்லை. பதினொரு நாற்காலிகளையும் அப்படி ஒவ்வொன்றாக, நிதானமாக, கை முழுக்க வைத்துத் தொட்டு முடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தாள்.

வெயில் ஏறி நிழல் நகர்ந்தது. நாற்காலியை நகர்த்த யாருக்கும் தைரியம் வரவில்லை. அன்று சாயங்காலம் வரை ஜானகி பாபு நினைவுக் கல்லூரியின் பேராசிரியர்கள் பதினொரு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.